ட்ரென்டன், 1776: கிறிஸ்துமஸ் போதையில் கிடந்தவர்களைத்தான் வாஷிங்டன் பிடித்தாரா?

கேள்வி இதுதான்: அமெரிக்க விடுதலைப் போரில், 1776 டிசம்பர் 26 காலையில் ஜார்ஜ் வாஷிங்டன் நியூஜெர்சியில் உள்ள ட்ரென்டன் ஊரைத் திடீரென்று தாக்கிப் பிடித்தார். பிரிட்டனுக்காக ஊரைக் காவல் காத்த ஜெர்மானியப் படை முந்தைய இரவு கிறிஸ்துமஸ் கொண்டாடிக் குடித்துவிட்டுக் கிடந்ததால்தான் அது முடிந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. பள்ளிப் பாடத்தில் தொடங்கி இணையம் வரை சுற்றும் கதைதான் இது. வாஷிங்டன் படையில் ட்ரென்டனில் சண்டையிட்ட ஜான் கிரீன்வுட் என்ற இளம் குழல் வாசிப்பாளர் பிற்காலத்தில் எழுதி வைத்த நினைவுக் குறிப்பில், எதிரிப் படையில் குடித்திருந்த ஒரே ஒரு சிப்பாயைக்கூடத் தான் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்யத் தயார் என்கிறார். ட்ரென்டன் படையை விழத்தட்டியது போதை அல்ல, களைப்பு. அந்தக் களைப்பின் மேல் ஒரு புயலும் 18 பீரங்கிகளும் வந்து சேர்ந்தன.

முதலில் நிலவரம். ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கை ஒட்டிய லாங் தீவில் வாஷிங்டன் தோற்றார். நவம்பர் 16 அன்று ஃபோர்ட் வாஷிங்டன் கோட்டை விழுந்து 2,800 பேர் அளவுக்குச் சிறைப்பட்டார்கள். அங்கிருந்து நியூஜெர்சி முழுக்கப் பின்வாங்கி, டிசம்பர் 7, 8 தேதிகளில் டெலவேர் ஆற்றைக் கடந்து பென்சில்வேனியாக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போகிற போக்கில் வாஷிங்டன் ஒரு காரியம் செய்தார். ஆற்றின் நெடுகப் பல மைல் தூரத்துக்கு இருந்த படகுகள் அனைத்தையும் தன் கரைக்கு இழுத்துக்கொள்ளச் சொன்னார். எதிரி துரத்தி வரக்கூடாது என்பதற்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் இரண்டு வாரம் கழித்துத் தாக்குதலுக்குக் கைகொடுத்தது.

பிரிட்டிஷ் தளபதி ஹோவ் டிசம்பர் நடுவில் அந்த ஆண்டுப் போரை நிறுத்திவிட்டு நியூயார்க் திரும்பினார். ஆற்றோரம் காவலுக்கு ட்ரென்டன், போர்டன்டவுன் போன்ற ஊர்களில் படைகளைப் பிரித்து நிறுத்தினார். வாஷிங்டனுக்கோ நாள் இல்லை. அவருடைய சிப்பாய்களில் பெரும்பாலோரின் பணிக்கால ஒப்பந்தம் டிசம்பர் 31 அன்று முடிகிறது. ஜனவரி 1 அன்று கையில் படையே இருக்காது. தேதி தேர்வானதற்கு முக்கியக் காரணம் இந்தக் கெடுதான். பண்டிகை அதற்கு அடுத்தபடி.

இனி ட்ரென்டன். சுமார் நூறு வீடுகள் கொண்ட சிற்றூர். வடக்கு மேட்டில் ஒரே இடத்தில் தொடங்கி இரண்டு தெருக்கள், கிங் தெருவும் குவீன் தெருவும், தெற்கு நோக்கி இறங்குகின்றன. மேற்கே டெலவேர் ஆறு. தெற்கே அசன்பிங்க் என்ற ஓடை, அதன்மேல் ஒரே ஒரு கல்பாலம். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு மேட்டில் பீரங்கி வைத்தால் இரண்டு தெருக்களும் துப்பாக்கிக் குழாய்க்குள் பார்ப்பதுபோல் நேராகத் தெரியும்.

காவலுக்கு இருந்தவர்கள் சுமார் 1,500 பேர். ரால், லோஸ்பர்க், நிப்ஹவுசன் என மூன்று ரெஜிமெண்டுகள், ஆறு சிறிய பீரங்கிகள், இருபது பிரிட்டிஷ் குதிரை வீரர்கள். இவர்களைக் 'கூலிப்படை' என்று எழுதுவது வழக்கம். ஆனால் காசுக்குத் தானாக வந்து சேர்ந்த கூட்டம் அல்ல இவர்கள். ஹெஸ்ஸ-காசெல் நாட்டு ஆட்சியாளர் தன் முறையான ராணுவத்தையே பிரிட்டனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நல்ல பயிற்சி பெற்றவர்கள். தளபதி கர்னல் யோஹான் ரால் ஃபோர்ட் வாஷிங்டனில் துணிச்சலாகச் சண்டையிட்டவர்.

அவர்களை வாட்டியது சுற்றுவட்டார விவசாயிகளும் ஊர்க்காவல் படையினரும். காவல் சாவடிகளை இரவில் சுடுவது, கடிதம் கொண்டு போகும் குதிரைக்காரரை மறித்துக் கொல்வது, ஆற்றைக் கடந்து வந்து நான்கு வெடி வெடித்துவிட்டு ஓடுவது என்று டிசம்பர் முழுக்க நடந்தது. பிரின்ஸ்டனுக்கு ஒரு கடிதம் அனுப்ப ஒரு கட்டத்தில் நூறு பேரையும் ஒரு பீரங்கியையும் துணைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஒவ்வோர் இரவும் ஒரு ரெஜிமெண்ட் முழுதாக உடுப்பைக் கழற்றாமல், தோட்டாப் பையோடு படுத்தது. மூன்றில் ஒரு பங்குப் படைக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை என்று கணக்கு. இப்படி இரண்டு வாரம் ஓடினால் எந்தப் படையும் எச்சரிக்கைக்குப் பழகிப் போய்விடும். ரால் மேலிடத்துக்கு முறையிட்டார், கூடுதல் படை கேட்டார். நியூ பிரன்ஸ்விக்கில் இருந்த ஜெனரல் கிராண்ட் கிளர்ச்சிக்காரர்களை மதிக்கவே இல்லை, படை வரவில்லை.

ராலின் பெரிய தவறு வேறு. தெருக்களின் வடக்கு முனையிலும் ஆற்றங்கரையிலும் மண் அரண் கட்டிப் பீரங்கிகளை வைக்கச் சொல்லி மேலதிகாரி வான் டோனாப்பிடமிருந்து அறிவுரை வந்தது. அவர் கட்டவில்லை. எதிரி எல்லாத் திசையிலும் இருக்கிறான், எந்தப் பக்கம் கட்டுவது என்பது அவர் வாதம். வந்தால் பயோனெட்டோடு, அதாவது துப்பாக்கி முனைக் கத்தியோடு, போய் மோதுவோம் என்றார். வடக்கு முனையில் ஒரே ஓர் அரண் இருந்திருந்தால் கதையே வேறு.

வாஷிங்டனின் திட்டம் மூன்று இடத்தில் ஆற்றைக் கடப்பது. தானே 2,400 பேரோடு ஊருக்கு 9 மைல் வடக்கே உள்ள மெக்கான்கி துறையில் கடப்பது. அவருடைய தளபதி யூயிங் 700, 800 பேரோடு ஊருக்கு நேர் எதிரே கடந்து அசன்பிங்க் பாலத்தைப் பிடித்துத் தப்பும் வழியை அடைப்பது. இன்னும் தெற்கே இன்னொரு தளபதி கட்வாலடர் சுமார் 1,800 பேரோடு கடந்து, வான் டோனாப்பின் படை உதவிக்கு வராமல் பார்த்துக்கொள்வது. நள்ளிரவுக்குள் எல்லோரும் மறுகரையில் இருக்க வேண்டும். விடிவதற்கு முன் தாக்க வேண்டும். காகிதத்தில் அழகான திட்டம். ஆனால் பனிக்கட்டி ஓடும் ஆற்றில், இருட்டில், ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப வழியில்லாத மூன்று படைகள் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பது எந்தக் காலத்திலும் ஆபத்தான எதிர்பார்ப்பு. கடைசியில் மூன்றில் ஒன்றுதான் தேறியது.

உத்தரவுகளில் இருந்த நுணுக்கம் வியப்பைத் தரும். சிப்பாய்கள் மூன்று நாளைக்குச் சமைத்த உணவைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இருட்டில் அடையாளம் தெரிய அதிகாரிகள் தொப்பியில் வெள்ளைக் காகிதம் செருகிக்கொள்ள வேண்டும். வாய் திறக்கக்கூடாது; வரிசையை விட்டு விலகினால் மரண தண்டனை. அடையாளச் சொல் 'வெற்றி அல்லது மரணம்'. முதலில் கடக்கும் ஸ்டீஃபன் படைப்பிரிவு இறங்குதுறையைச் சுற்றிக் காவல் வளையம் போட வேண்டும். நாற்பது நாற்பது பேராக இரண்டு குழுக்கள் முன்னால் போய், ஊருக்கு மூன்று மைல் முன்பே சாலையில் நின்று, போகிற வருகிற எல்லோரையும் பிடித்து வைக்க வேண்டும். பீரங்கி இல்லாத பீரங்கிக்காரர் குழு ஒன்றும் உண்டு. அவர்கள் கையில் சுத்தியல், ஆணி, இழுகயிறு. எதிரியின் பீரங்கியைக் கைப்பற்றினால் இழுத்து வர வேண்டும். முடியாவிட்டால் நெருப்பு வைக்கும் துளையில் ஆணி அடித்துப் பாழாக்க வேண்டும்.

இப்போது ஆறு. மெக்கான்கி துறையில் அகலம் கால் கிலோமீட்டர்தான். அகலம் அல்ல தொல்லை. வேகமாக ஓடும் நீரில் மேலே இருந்து உடைந்து வரும் பனிக்கட்டிகள். ஆட்களை ஏற்ற உதவியவை 'டரம்' படகுகள். டரம் இரும்பு ஆலையிலிருந்து இரும்பைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டு போகக் கட்டியவை. 40 முதல் 60 அடி நீளம், 8 அடி அகலம், தட்டையான அடி, இரு முனையும் கூர்மை. 15 டன் ஏற்றினாலும் இரண்டரை அடி ஆழம் இருந்தால் மிதக்கும். துடுப்பைவிட, படகின் ஓரப் பலகையில் நடந்தபடியே இரும்புப் பூண் போட்ட நீளக் கழியால் தரையை ஊன்றித் தள்ளுவதுதான் வழக்கம். உட்காரப் பலகை கிடையாது. அடியில் பனிக்குழம்பும் தண்ணீரும் நிற்க, சிப்பாய்கள் நின்றுகொண்டே போனார்கள். வாஷிங்டன் படகின் முன்னால் நிமிர்ந்து நிற்கிற ஓவியத்தைப் பார்த்து, இப்படி யாராவது நிற்பார்களா என்று கேலி செய்வார்கள். நின்றது மட்டும் அதில் சரி. படகின் வடிவமும் பகல் வெளிச்சமும் தவறு.

குதிரையையும் பீரங்கியையும் டரம் படகில் ஏற்ற முடியாது, பக்கச்சுவர் உயரம். அவற்றுக்குத் துறையில் வண்டிகளை ஏற்றிக் கடத்தும் தட்டையான மிதவைகள் இருந்தன. படகோட்டியவர்கள் ஜான் கிளவரின் ரெஜிமெண்ட். மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட் மீனவர்கள். நான்கு மாதம் முன்பு, லாங் தீவில் தோற்ற படையை ஒரே இரவில் சத்தமில்லாமல் அக்கரை சேர்த்தவர்களும் இவர்களே. உள்ளூர்ப் பரிசல்காரர்களும் பிலடெல்பியா துறைமுகத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். கரையில் நின்று, பீரங்கித் தலைவர் ஹென்றி நாக்ஸ் தன் பெருங்குரலால் புயலை மீறி உத்தரவு கொடுத்தார்.

இரவு பதினொரு மணி வாக்கில் வடகிழக்குப் புயல் இறங்கியது. மழை, ஆலங்கட்டி, பனி எல்லாம் மாறி மாறி. நள்ளிரவில் முடிய வேண்டிய கடப்பு பீரங்கிகள் வந்து சேர அதிகாலை 3 மணி ஆகிவிட்டது. அணிவகுத்துக் கிளம்பும்போது 4. விடிவதற்குள் 9 மைல் போக முடியாது என்று வாஷிங்டனுக்குத் தெரிந்தே இருந்தது. திரும்பலாமா? ஆற்றை மறுபடி கடக்கும்போது எதிரிக்குத் தெரிந்துவிடும், பாதிப் படை இக்கரை, பாதி அக்கரை என்று மாட்டிக்கொள்வோம் என்று கணக்குப் போட்டு, முன்னே போவது என்று முடிவெடுத்தார். சண்டை முடிந்ததும் காங்கிரசுக்கு (கிளர்ச்சி செய்த அமெரிக்கர்களின் மாமன்றம்) எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார்.

தெற்கே நடந்தது என்ன? யூயிங்கால் பனி அடைத்த ஆற்றைக் கடக்கவே முடியவில்லை. கட்வாலடர் ஒரு பகுதி ஆட்களை அக்கரை சேர்த்தார். ஆனால் கரையோரம் பனி பாளம் பாளமாகக் குவிந்து கிடந்ததால் பீரங்கியை இறக்க முடியவில்லை. பீரங்கி இல்லாமல் போவதில்லை என்று ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார். ஆள் நடந்து போகும் கரையில் பீரங்கி போகாது என்ற இந்த வேறுபாடுதான் அன்றிரவு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அப்படியானால் வாஷிங்டன் ஏன் மூன்று மணி நேரத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு 18 பீரங்கிகளைக் கடத்தினார்? அந்தக் காலத்தில் ஆயிரம் பேருக்கு இரண்டு மூன்று பீரங்கி என்பது வழக்கம். இவர் கொண்டு போனது ஆயிரத்துக்கு ஏழுக்கும் மேல். காரணம் மழை. சிப்பாயின் துப்பாக்கியில் தீக்கல் பொறி தட்டி, வெளியே ஒரு சிறு கிண்ணத்தில் கிடக்கும் மருந்தில் விழ வேண்டும். அந்த மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் தடி. பீரங்கியின் வாயை அடைப்பானால் மூடலாம், நெருப்புத் துளையை அடைத்து வைக்கலாம், மருந்துப் பொதிகளை மூடிய பெட்டியில் கொண்டு போகலாம். சுடும் கணத்தில் திறந்தால் போதும். வழியில் வாஷிங்டனின் தளபதிகளில் ஒருவரான சல்லிவன், ஆட்களின் துப்பாக்கி எல்லாம் நனைந்துவிட்டன என்று செய்தி அனுப்பினார். பயோனெட்டைப் பயன்படுத்தச் சொல், ஊரைப் பிடித்தே ஆக வேண்டும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைச் சொல்லும் தைரியம் பீரங்கி இருந்ததால்தான் வந்தது என்பது என் கணிப்பு.

நடை கொடுமை. பலருக்குக் காலணி இல்லை. கந்தல் சுற்றிய கால்களின் ரத்தம் பனியில் பட்டது. ஜேக்கப்ஸ் ஓடைப் பள்ளத்தில் சாலை செங்குத்தாக இறங்கி ஏறுகிறது. குதிரைகளை அவிழ்த்துவிட்டு, நீளக் கயிற்றை மரத்தில் சுற்றிப் பிடித்து, ஒவ்வொரு பீரங்கியாகக் கீழே இறக்கி, எதிர்மேட்டில் ஏற்றினார்கள். பதினெட்டு தடவை. இந்த நடையில் ஓரிடத்தில் வாஷிங்டனின் குதிரை பின்னங்கால் சறுக்க, அவர் பிடரிமயிரைப் பிடித்துத் தலையைத் தூக்கி நிறுத்தினார் என்று கனெக்டிகட் வீரர் எலிஷா பாஸ்ட்விக் எழுதியிருக்கிறார். வழியில் ஓய்வெடுக்க உட்கார்ந்த இருவர் விறைத்து இறந்தார்கள். அன்று வாஷிங்டன் படைக்கு நேர்ந்த உயிரிழப்பு அவ்வளவுதான்.

பர்மிங்ஹாம் என்ற சந்திப்பில் படை இரண்டாகப் பிரிந்தது. தளபதி கிரீனின் பிரிவு வாஷிங்டனோடு மேல் சாலையில். சல்லிவனின் பிரிவு ஆற்றோரச் சாலையில். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். அதிகாரிகள் தம் சட்டைப் பைக் கடிகாரத்தை வாஷிங்டனின் கடிகாரத்தோடு ஒத்து வைத்துக்கொண்டார்கள். பலன், எட்டு மணிக்கு மேல் சாலைச் சாவடியில் வெடிச்சத்தம். சரியாக மூன்றே நிமிடத்தில் கீழ்ச் சாலையிலும் வெடிச்சத்தம். அந்த இரவில் திட்டப்படி அமைந்த சிலவற்றில் இது ஒன்று.

நடுவில் எல்லாம் கெட்டுப் போகவும் பார்த்தது. முந்தைய மாலை, ஸ்டீஃபன் பிரிவைச் சேர்ந்த ஐம்பது பேர் வாஷிங்டனுக்குத் தெரியாமல் ஆற்றைக் கடந்து ட்ரென்டன் சாவடியைத் தாக்கி, ஆறு பேரைக் காயப்படுத்திவிட்டு ஓடியிருந்தார்கள். விடியற்காலையில் திரும்பி வந்தவர்கள் வழியில் எதிர்ப்பட்டபோதுதான் வாஷிங்டனுக்கே செய்தி தெரிந்தது. என் திட்டத்தையே நாசமாக்கியிருப்பீர்கள் என்று ஸ்டீஃபனிடம் கொதித்தார். நடந்தது நேர்மாறு. தாக்குதல் வரலாம் என்று கிராண்டிடமிருந்து ராலுக்கு எச்சரிக்கை வந்திருந்தது. மாலையில் நடந்த சிறு சண்டையையே அந்தத் தாக்குதல் என்று ரால் எடுத்துக்கொண்டார். விடியலில் இரண்டு பீரங்கிகளோடு ஆற்றுப்பக்கம் போய்வரும் வழக்கமான ரோந்தை, புயலைக் காட்டி, ராலின் கீழிருந்த மேஜர் டெக்கோ ரத்து செய்தார். இந்தப் புயலில் எவன் வருவான் என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள். அந்த ரோந்து போயிருந்தால் ஆற்றோரச் சாலையில் சல்லிவனை நேருக்கு நேர் சந்தித்திருக்கும்.

ராலின் சட்டைப் பையில் படிக்காத எச்சரிக்கைச் சீட்டு கிடந்தது, அவர் சீட்டாடிக்கொண்டிருந்தார் என்பது வழிவழியாக வரும் கதை. அதன்மேல் எதையும் கட்ட வேண்டியதில்லை. கிராண்டின் எச்சரிக்கை கைக்கு வந்து அவர் படித்துமிருந்தார். படித்தும் தவறாகப் புரிந்துகொண்டார்.

சண்டை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தது. கிரீனின் பிரிவு வடக்கு முனையைப் பிடித்தது. ஃபாரஸ்டின் பீரங்கிகள் குவீன் தெருவையும், அலெக்சாண்டர் ஹாமில்டனின் பீரங்கிகள் கிங் தெருவையும் பார்த்து நின்றன. வீட்டிலிருந்து வெளியே ஓடிவந்து அணிவகுக்க முயன்றவர்கள்மீது தெரு நீளத்துக்கும் குண்டு பாய்ந்தது. புயல் வாஷிங்டன் படையின் முதுகில் அடித்தது, எதிரியின் முகத்தில் அறைந்தது. ராலின் ஆட்கள் கிங் தெருவில் இரண்டு பீரங்கிகளை இழுத்து வந்து சில குண்டுகள் சுட்டார்கள். குதிரைகளும் ஆட்களும் விழுந்தார்கள். கேப்டன் வில்லியம் வாஷிங்டனும் லெப்டினண்ட் ஜேம்ஸ் மன்றோவும் ஓடிப் போய் அவற்றைக் கைப்பற்றினார்கள். மன்றோவுக்கு ரத்தக் குழாயில் குண்டுக் காயம். முந்தைய இரவு வழியில் படையோடு சேர்ந்துகொண்ட டாக்டர் ஒருவர் குழாயைக் கட்டிக் காப்பாற்றினார். இந்த மன்றோதான் பின்னாளில் அமெரிக்காவின் ஐந்தாவது ஜனாதிபதி. காலாட்படையினர் வீடுகளுக்குள் புகுந்து, துப்பாக்கியைத் துடைத்து உலர்த்தி, ஜன்னல் வழியே சுட ஆரம்பித்தார்கள்.

ரால் ஊருக்குக் கிழக்கே தோப்பில் படையைத் திரட்டினார். வடகிழக்கு வழி இன்னும் முழுதாக அடைபடவில்லை, விலகிப் போயிருக்கலாம். அவர் பீரங்கிகளையும் மானத்தையும் மீட்க ஊருக்குள்ளேயே திரும்பித் தாக்கினார். மூன்று பக்கமும் சூடு. இரண்டு குண்டுகள் பட்டுக் குதிரையிலிருந்து சாய்ந்தார். அடுத்த நாளுக்குள் இறந்துபோனார். நிப்ஹவுசன் ரெஜிமெண்ட் பாலத்துக்குப் போகத் தாமதித்து, அதற்குள் சல்லிவன் அதைப் பிடித்துவிட, ஓடையோரச் சேற்றில் கூட இருந்த இரண்டு பீரங்கிகளும் புதைந்து சிக்கிக்கொண்டது.

எதிரியில் 22 பேர் இறந்தார்கள், 80க்கும் மேற்பட்டோர் காயம், சுமார் 900 பேர் சிறை. ஆறு பீரங்கிகளும் பிடிபட்டன. ஆனால் நூற்றுக்கணக்கானோர் தப்பினார்கள். சல்லிவன் வருவதற்கு முன் அதே கல்பாலத்தின் வழியாகப் போனார்கள். யூயிங் நிற்க வேண்டிய இடம் அது.

குடி விஷயத்துக்கு வருவோம். ட்ரென்டனில் அன்று குடி இருந்தது. ஊரில் பிடிபட்ட பொருள்களில் 40 பெரிய பீப்பாய் ரம். கொட்டிவிடச் சொல்லி வாஷிங்டன் உத்தரவிட்டார். கொட்டுவதற்குள் வென்ற சிப்பாய்கள் பலர் குடித்துவிட்டார்கள். இரவெல்லாம் நனைந்து நடந்தவர்கள். பிரின்ஸ்டன் வரை தொடர்ந்து போகலாமா என்ற யோசனை கைவிடப்பட இதுவும் ஒரு காரணம். பீரங்கிப் பலமுள்ள கட்வாலடர் வராததும் ஆட்களின் சோர்வும் மற்றவை.

விளைவு பெரியது. லண்டனுக்கு விடுப்பில் கப்பலேற இருந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் விடுப்பு ரத்தாகி நியூஜெர்சிக்கு ஓடி வந்தார். ஜனவரி 2 அன்று அதே அசன்பிங்க் பாலத்தில் அவரை வாஷிங்டன் தடுத்து நிறுத்தி, அன்றிரவே பின்பக்கமாக நழுவி, 3 ஆம் தேதி பிரின்ஸ்டனில் ஜெயித்தார். இதே கார்ன்வாலிஸ்தான் பிறகு இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, திப்புவோடு செய்த 1792 ஒப்பந்தத்தில் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கியவர்.

ட்ரென்டனிலிருந்து திரும்பும் வழி வந்ததைவிடக் கடினம். அதே ஆறு, அதே படகுகள், கூடவே 900 கைதிகள். படகின் வெளிப்புறத்தில் பனி ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தில் கீழே இழுத்துக்கொண்டே போனது. படகோட்டிகள் அடிப்பலகையில் ஓங்கி மிதித்துப் பனியை உதிர்த்தார்கள். கைதிகளையும் அப்படிச் செய்யச் சொல்லிச் சைகை காட்டினார்கள். உடனே எல்லோரும் ஒருசேரக் குதிக்கத் தொடங்கினார்கள், இறுகப் பின்னி முதுகில் விறைத்து நின்ற சடைகள் மேலும் கீழும் துள்ள, என்று பாஸ்ட்விக் எழுதி வைத்திருக்கிறார்.